மங்கை ரீச்சர் கழற்றச் சொன்ன செருப்பு

"அப்பிடியெண்டால் பல்ப் ஏன் உடனை எரியுது? நத்தை மாதிரி ஊர்ந்து வாற சாமான் சுவிட்சிலையிருந்து பல்ப்புக்கு வந்து சேர விடிஞ்சுபோம். நான் படிக்காதவன் எண்டுபோட்டு என்ரை காதிலை பூச்சுத்தாதேங்கோ ரீச்சர். இந்த வியாழக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை நீங்கள் பதில் சொல்லத்தான் வேணும்."

இது குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு, எதிரில் இல்லாத மங்கை ரீச்சரோடு நான் போட்ட சண்டை. வியாழன் வகுப்புக்கு முன் இப்படி ஒத்திகை பார்ப்பது என் வழக்கம். நேரில் போனால் அவர் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பார். நான் கட்டிக்கொண்டு போனதெல்லாம் அவிழ்ந்து விழுந்துவிடும். குசினியில் மட்டும் எப்போதும் நான்தான் வெல்லுவேன்.

அன்றைக்கும் வென்றுகொண்டு நின்ற நேரத்தில்தான் ரெலிபோன் அடித்தது. என் மனைவி புஷ்பம் எடுத்தாள். பேசியவர் எங்கள் முதியோர் ஒன்றுகூடலின் செயலாளர் நடராசா. "ஓம்... ஓம்... எப்ப?" என்று மட்டும் கேட்டாள். பிறகு போனைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள்.

"மங்கை ரீச்சர் போட்டாவாம். காலமை எழும்பேல்லையாம். ஹார்ட் அற்றாக் எண்டு சொல்லுகினம்."

தேத்தண்ணி பொங்கி அடுப்பில் ஊற்றுப்பட்டது. இருவருமே போய் நிறுத்தவில்லை. புஷ்பத்தின் கை தன் இடது தோளுக்குக் கீழே, பேஸ்மேக்கர் வைத்த இடத்துக்குப் போனது.

"அவவுக்கு ஒரு வருத்தமும் இருக்கேல்லையே," என்றாள். "இனி நான் ஆரைக் கேக்கிறது?"

அந்தக் கேள்வியின் பொருள் எனக்குத் தெரியும். ரீச்சர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பயத்தை வெளியே அனுப்பியிருந்தார். அனுப்பியவர் போய்விட்டார், பயம் திரும்பி வந்துவிடுமோ என்பதுதான் அந்த நிமிடம் எனக்குள் ஓடியது. ரீச்சரைத் தெரியாதவர்களும் இந்த நினைவு மலரை வாசிப்பீர்கள் என்றபடியால் முதலிலிருந்து சொல்லுகிறேன். அவருடைய மகள் மதுரா இரண்டு பக்கம் கேட்டாள். சுருக்கமாக எழுதப் படிப்பு வேண்டும். என்னிடம் அது இல்லை, ஆகவே நீளும்.

நாங்கள் இங்கே கனடாவில், வியாழக்கிழமைகளில் மோர்னிங்சைட்டில் ஒரு நூலகத்தின் பின்னறையில் கூடுகிறவர்கள். கதிரையில் இருந்தபடி தேகப்பயிற்சி, ஒரு தேவாரம், கரம் விளையாட்டு, அதற்குப் பிறகு வடை. வடைக்காகவே வருகிறவர்களும் உண்டு. பெயர் சொல்லமாட்டேன், நடராசாவுக்கு மனம் நோகும். அந்த அறையில் நிலம் முழுக்கக் கார்ப்பெற், கதவுக்கு இரும்புப் பிடி. பனிக்காலம் தொடங்கினால் அதைத் தொட எல்லோருக்கும் பயம். 'டிக்' என்று விரலில் ஒரு அடி விழும். பெண்கள் சால்வைத் தலைப்பால் பிடித்துத் திறப்பார்கள். நடராசா, "செல்லத்துரை அண்ணை, நீங்கள் மூத்தவர், முதல்லை போங்கோ" என்று மரியாதையாக என்னைத் தள்ளிவிடுவார். கதவில் கரண்ட் லீக் பண்ணுகிறது, கட்டடத்தைப் பார்க்கிறவர்களுக்கு முறைப்பாடு எழுதவேண்டும் என்று ஒருநாள் கூட்டம் போட்டு, கை உயர்த்தி, தீர்மானமும் எடுத்தோம்.

அந்தக் கூட்டத்துக்குத்தான் மங்கை ரீச்சர் முதன்முதலாக வந்திருந்தார். உருவம் சிறியது, கோட் பெரியது. கோட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடித்தான் வணக்கம் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவர். இங்கே வந்து, ஓய்வு பெறும்வரை ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தவர். பின்வரிசையில் பேசாமல் இருந்தவர், தீர்மானம் முடிந்ததும் எழும்பினார்.

"எழுதிறதுக்கு முதல் நான் ஒருக்கா அந்தக் கதவைத் தொட்டுப் பாக்கட்டோ?"

போனார், தொட்டார். 'டிக்' என்றது. நாங்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தோம், அவர் சிரித்தார். பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"கரண்ட் லீக் எண்டால் இப்பவும் அடிச்சுக்கொண்டெல்லோ இருக்கவேணும்? ஏன் அடிக்கேல்லை?"

நான் சும்மா இருக்கக் கூடியவனா? "கதவுக்கு உங்களைப் பிடிச்சிட்டுது போலை," என்றேன்.

"அப்ப உங்களைப் பிடிக்குதோ எண்டும் பாப்பம் அண்ணை. அந்த மூலையிலையிருந்து காலை இழுத்து இழுத்து நடந்து வாங்கோ."

நடந்து போய்த் தொட்டேன். எனக்கு அவரைவிடப் பலமாக விழுந்தது. கையை உதறிக்கொண்டு நின்றேன்.

"கதவிலை ஒண்டுமில்லை," என்றார் ரீச்சர். "கொண்டுபோய்க் குடுத்தது நீங்கள்."

தீர்மானம் அதோடு முடிந்தது. ஆனால் ஒரு தொல்லை தொடங்கியது. கதவில் இல்லாத சாமான் என்னில் எங்கிருந்து வந்தது? வடை தின்னும்போதும் அதே யோசனை. மற்றவர்களுக்கும் அப்படித்தான் போலும். அடுத்த வியாழன் ஒருவரும் கரம் பலகையை எடுக்கவில்லை. ரீச்சரைச் சுற்றிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருந்தோம்.

அவர் ஒரு பிளாஸ்ரிக் சீப்பும் கிழித்த கடதாசித் துண்டுகளும் கொண்டு வந்திருந்தார். சீப்பைத் தலையில் உரசவேண்டும். என் தலையை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"அண்ணை, உங்கட தலை இந்த ஆராய்ச்சிக்கு உதவாது."

"என்ரை தலை பள்ளிக்கூடத்துக்கே உதவேல்லை, ரீச்சர். இதுக்கு மட்டும் உதவுமோ?"

என் கம்பளித் தொப்பியைக் கழற்றி அதில் சீப்பை உரசினார். மேசையில் கிடந்த கடதாசித் துண்டுகள் எழும்பிப் போய்ச் சீப்பில் ஒட்டின. இது என்ன பெரிய காரியம், எட்டு வயதில் நானே செய்திருக்கிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் செய்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

அவர் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது. உலகத்தில் உள்ள எல்லாச் சாமானுக்குள்ளும் கூட்டல் ஏற்றமும் கழித்தல் ஏற்றமும் சரிக்குச் சரியாக இருக்கின்றன. சரியாக இருக்கும்வரை ஒன்றும் வெளியில் தெரியாது. இரண்டு சாமானை உரசும்போது கழித்தல்காரர், இலத்திரன் என்பது அவர்களுடைய பெயர், ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவிவிடுகிறார்கள். வாங்கினதில் கழித்தல் கூடிவிடும், கொடுத்ததில் கூட்டல் மிஞ்சிவிடும். "ஒண்டும் புதுசா உண்டாகேல்லை. இஞ்சை இருந்தது அங்கை போட்டுது, அவ்வளவுதான்," என்றார். பிளாஸ்ரிக், றப்பர், கம்பளி போன்றவற்றில் வந்து ஏறியவர்கள் ஏறின இடத்திலேயே குந்திக்கொண்டிருப்பார்கள். அவற்றுக்குக் காவலி என்று பெயர். இரும்பு, செம்பு, எங்கள் உடம்பு இவற்றில் ஓடித் திரிவார்கள், இவை கடத்திகள். கார்ப்பெற்றில் நடந்து என்னில் சேர்ந்த ஏற்றம், இரும்புப் பிடியைக் கண்டதும் ஒரே பாய்ச்சலில் பாய்ந்துவிட்டது. அந்தப் பாய்ச்சல்தான் 'டிக்'.

பிறகு ஒரு பலூனைத் தொப்பியில் உரசிச் சுவரில் வைத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. நடராசா வடையை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ரீச்சர், ஊரிலை இவ்வளவு காலம் இருந்தனாங்கள். பாயிலை படுத்தம், கம்பளி போர்த்தம், ஒருநாளும் உப்பிடிக் கதவு அடிக்கேல்லையே?"

அவருடைய முகம் மலர்ந்த விதத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. நான் ஏதோ பரிசு கொடுத்தது போல இருந்தது.

"அதைத்தான் கேக்கவேணும் அண்ணை. ஏன் எண்டு நினைக்கிறியள்?"

"ஊரிலை கதவுகளுக்கு மரியாதை தெரியும்."

"செய்து பாப்பம்," என்றார். அதுதான் அவருடைய வாய்வழக்கு. யார் எதைச் சொன்னாலும் "செய்து பாத்தனீங்களோ?" என்று கேட்பார். தேத்தண்ணிக் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. பலூனை எடுத்து ஆவியில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு மறுபடி சுவரில் வைத்தார். பொத்தென்று விழுந்தது. ஈரம் பட்டதும், சேர்ந்திருந்த ஏற்றம் சத்தம் போடாமல் கசிந்து போய்விட்டது. எங்களூரில் காற்றிலேயே கடல் இருக்கிறது. இங்கே பனிக்காலத்தில் ஹீற்றர் வீட்டைக் காய வைத்துவிடும். சேர்ந்தது போக வழியில்லை, எங்கள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

சலவைக்கூடத்து வேலையைப் பற்றி அவர் அன்றைக்குத்தான் சொன்னார். உலர்த்தும் மெசினிலிருந்து விரிப்புகளை இழுக்கும்போது படபடவென்று பொரியுமாம், கையில் உள்ள மயிர் எல்லாம் நிமிர்ந்து நிற்குமாம். கூட வேலை செய்தவர்கள் எரிச்சல்பட்டுப் பேசுவார்களாம். "எனக்கு ஒருநாளும் அலுக்கேல்லை அண்ணை. எந்தத் துணியோடை எந்தத் துணியைப் போட்டால் கூடப் பொரியும் எண்டு பாத்துக்கொண்டு நிப்பன். சூப்பவைசர் நான் நித்திரை எண்டு நினைச்சுப் பேசுவா."

இன்னொரு வியாழன் உடுப்புக் காயப்போடுகிற கயிற்றைக் கொண்டுவந்து, இரண்டு நுனியையும் முடிந்து பெரிய வளையமாக்கினார். எல்லோரும் வட்டமாக நின்று கயிற்றை லேசாகப் பிடித்துக்கொண்டோம். நடராசாதான் பற்றரி. அவர் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க, கயிறு எங்கள் எல்லோருடைய கைகளுக்குள்ளாலும் சுற்றி ஓடியது.

"அண்ணை, உங்கட கையிலை கயிறு எப்ப அசைஞ்சது?"

"அவர் இழுத்த உடனை."

"அவரின்ரை கையிலை இருந்த கயிறு அதுக்கிடையிலை உங்களிட்டை வந்திட்டுதோ?"

"அது இனித்தானே ஊர்ந்து வரும்."

"கரண்டும் அப்பிடித்தான். கம்பி முழுக்க இலத்திரன் ஏற்கெனவே நிரம்பியிருக்கு. ஒரு தலைப்பிலை தள்ள முழுவதும் அசையும். ஆனா ஒவ்வொண்டும் ஊருறது நத்தையிலும் மெதுவா."

சேட்டைக்காக நான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். கயிறு உரசி உள்ளங்கை சூடேறியது. "இப்ப நீங்கள்தான் பல்ப்," என்றார். ஓடவிடாமல் தடுக்கிற இடத்தில்தான் சூடும் வெளிச்சமும் பிறக்குமாம், அதற்குத் தடை என்று பெயராம். பிறகு முடிச்சை அவிழ்த்துவிட்டு நடராசாவை இழுக்கச் சொன்னார். கயிறு முழுவதும் அவர் காலடியில் வந்து குவிந்தது, சுற்று நின்றுபோனது. உரசிச் சேர்ந்தது ஓரிடத்தில் குந்தியிருக்கும், வழி கிடைத்தால் ஒரே பாய்ச்சலில் முடிந்துவிடும். ஓட்டமின், அதாவது கம்பியில் ஓடுகிற கரண்ட், அப்படியில்லை. தள்ள ஒருவரும் போய்த் திரும்பி வர முழுப் பாதையும் இருக்கும்வரை ஓடிக்கொண்டேயிருக்கும்.

கயிறு வேறு, கம்பி வேறு என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். இன்றைக்கும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு விளங்காது என்று ரீச்சர் ஒருநாளும் சொன்னதில்லை. "நல்ல சந்தேகம் அண்ணை. வச்சிருங்கோ," என்பார்.

இனி எங்கள் வீட்டுக் கதை. நாங்கள் வோபர்னில் ஓர் அப்பார்ட்மென்ற்றில் இருக்கிறோம். போன பனிக்காலத்தில் புஷ்பத்துக்கு நெஞ்சுத் துடிப்புக் குறைந்துபோய், தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த முதல்நாள், கம்பளிக் காலுறையோடு நடந்து போய், ஹோலில் வைத்துத் தேத்தண்ணியை நீட்டினேன். விரலும் விரலும் படவே 'டிக்'. கோப்பை விழுந்து உடைந்தது. புஷ்பத்தின் முகம் வெளிறிவிட்டது.

"இஞ்சருங்கோ, உது என்ரை மெசினை நிப்பாட்டிப்போடும்."

"ஒண்டும் செய்யாது."

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

மகன் ரெலிபோனில் ஒன்றும் செய்யாது என்றான். நடராசாவும் சொன்னார். ஒருவர் சொன்னதையும் அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து என் கையால் எதையும் வாங்கமாட்டாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நான் பின்னுக்குப் போகவேண்டும், அதற்குப் பிறகுதான் எடுப்பாள். படுக்கையையும் மற்ற அறைக்கு மாற்றிக்கொண்டாள். நாங்கள் சண்டைபிடித்து முகம் பார்க்காமல் இருந்த நாட்கள் எத்தனையோ உண்டு. அந்த நாட்களிலும் தேத்தண்ணி கைமாறியது. இது சண்டையும் இல்லை. பக்கத்தில் போனால் அவள் ஓர் அடி விலகுவாள், விலகிவிட்டுத் தானே கவலைப்படுவாள்.

எங்கள் ஆட்களுக்குக் கரண்டுக்கு ஒரு வைத்தியம் தெரியும். ஊரில் ஈரக் காலோடு சுவிட்சைத் தொடப் போனால், "செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு" என்று வீட்டில் ஒருவராவது கத்துவார்கள். அதே புத்தியில் கடைக்குப் போய் இரண்டு சோடி றப்பர்ச் செருப்பு வாங்கினோம். காலையிலிருந்து படுக்கும்வரை அதைப் போட்டுக்கொண்டு கார்ப்பெற்றில் நடந்தோம். அடி கூடியது. மெல்லிசுச் செருப்பு, காணாது என்று அடிப்பாகம் தடித்த சோடியாக வாங்கினோம். இன்னும் கூடியது. "உங்கட உடம்பிலைதான் ஏதோ கோளாறு" என்ற முடிவுக்குப் புஷ்பம் வந்துவிட்டாள். கலியாணம் கட்டின புதிதிலும் அவள் இதைச் சொல்லியிருக்கிறாள், அது வேறு விசயம்.

இதை ஒரு பகிடியாக வியாழக்கிழமை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு வீட்டை வரட்டோ அண்ணை?"

வந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. புஷ்பத்துக்குப் பக்கத்தில் இருந்து அவளைத்தான் கேட்டார்.

"அக்கா, எந்த இடத்திலை அடிக்குது? குசினியிலையோ, ஹோலிலையோ?"

புஷ்பம் யோசித்தாள். "குசினியிலை... அடிச்சதா ஞாபகமில்லை. ஹோலிலைதான்."

"குளிச்ச உடனை?"

"இல்லை."

"இவர் வெறுங்காலோடை நிக்கேக்கை?"

"இவர் எங்கை வெறுங்காலோடை நிண்டவர்? நான் விடமாட்டனே."

ரீச்சர் என் காலைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். என்னை ஹோலில் நடக்கவிட்டு, கதவுப்பிடியைத் தொடச் சொன்னார். 'டிக்'. செருப்பைக் கழற்றச் சொன்னார். நடந்து போய்த் தொட்டேன், ஒன்றும் இல்லை. மறுபடி போட்டேன், 'டிக்'. கழற்றினேன், இல்லை. எழுபது வயது தாண்டிய மனிதன் சொந்த வீட்டில் செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக நடந்ததைப் பார்த்துப் புஷ்பத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணை, ஊரிலை இந்தச் செருப்பு உங்களை என்னெண்டு காப்பாத்தினது?"

"றப்பர் காவலி. சுவிட்சிலையிருந்து வாற கரண்டை என்னுக்குள்ளாலை நிலத்துக்குப் போகவிடாது."

"சரி. இஞ்சை சுவிட்சிலையிருந்து ஒண்டும் வரேல்லை. கார்ப்பெற்றிலை உரசி உங்களிலை சேருது. அது போகவேண்டிய இடம் எது?"

"நிலம்."

"ஆர் விடேல்லை?"

நான் குனிந்து காலைப் பார்த்தேன். உரசிச் சேர்த்துத் தந்ததும் அதுதான், போகவிடாமல் பிடித்து வைத்ததும் அதுதான்.

புஷ்பம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்ப என்ரை மெசினுக்கு ஒண்டும் செய்யாதோ ரீச்சர்?"

"எனக்குத் தெரியாது அக்கா."

நான் திடுக்கிட்டேன். ஒன்றும் செய்யாது என்று சொல்லத்தானே இவர் வந்தது?

"செருப்பைப் பற்றித் தெரியும், சொன்னன். உங்கட மெசினைப் பற்றிப் படிக்கேல்லை. தெரியாததைத் தெரியும் எண்டு சொன்னால் நீங்கள் நம்பிப்போடுவியள். கிளினிக்கிலை கேப்பம், நானும் வாறன்."

அவர் போன பிறகு புஷ்பம் சொன்னாள்: "உவ ஒராள்தான் பொய் சொல்லேல்லை."

கிளினிக்கில் ரீச்சர் கேட்ட கேள்விகளின் அளவைப் பார்த்து அங்கிருந்த நேர்ஸ் பிள்ளை, உங்களில் யாருக்குப் பேஸ்மேக்கர் என்று கேட்டது. வீட்டில் விழுகிற இந்தச் சின்ன அடி உங்களுடைய மெசினை ஒன்றும் செய்யாது, அதைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள் என்று விளக்கிச் சொன்னார்கள். செல்போனை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்பது போல உண்மையில் கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், அந்த 'டிக்' ஆயிரக்கணக்கான வோல்ற் என்று ரீச்சர் சொல்ல, புஷ்பம் விடவில்லை.

"ஆயிரக்கணக்கிலை வோல்ற் எண்டு சொல்லுறியள். சுவிட்சிலை அதிலும் குறைய எண்டும் சொல்லுறியள். பிறகு ஏன் சுவிட்ச் ஆளைக் கொல்லுது, இது கொல்லேல்லை?"

ரீச்சர் அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, தாளிக்கேக்கை கடுகு வெடிச்சுக் கையிலை பட்டிருக்கோ?"

"எத்தினை தரம்."

"அந்தக் கடுகின்ரை சூடும் சட்டியிலை இருக்கிற எண்ணெயின்ரை சூடும் ஒண்டுதான். கடுகு பட்டால் 'ஸ்' எண்டுபோட்டு வேலையைப் பாப்பியள். சட்டி கவிண்டால்?"

புஷ்பம் வாயில் கை வைத்தாள்.

"சூடு மாதிரித்தான் வோல்ற். எவ்வளவு சூடு எண்டு மட்டும் பாத்துக் காணாது, எவ்வளவு எண்ணெய் எண்டும் பாக்கவேணும். உங்கட விரலிலை பாயிறது ஒரு கடுகு. சுவிட்சுக்குப் பின்னாலை இருக்கிறது வத்தாத சட்டி."

வீட்டுக்கு வந்ததும் பகலிலேயே திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, பூட்டுத் திறப்பு ஒன்றைப் புஷ்பத்தின் கையில் கொடுத்தார். றப்பர்ச் செருப்போடு கார்ப்பெற்றில் நடந்து போய்த் திறப்பு நுனியைக் கதவுப்பிடிக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார். நீலமாக ஒரு பொட்டு வெளிச்சம் திறப்புக்குத் தாவியது. கையில் ஒன்றும் நோகவில்லை.

"வடிவாயிருக்கு," என்றாள் புஷ்பம். மறுபடியும் நடந்து போய் வந்து தொட்டாள். மறுபடியும். இவ்வளவு காலம் பயந்த சாமானை அவள் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தோம். செருப்புகள் அலுமாரிக்குள் போயின. பின்னேரம் நான் தேத்தண்ணி நீட்டினேன். புஷ்பம் வாங்கினாள். ரீச்சர் அதைப் பார்க்காதது போலத் தன் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்தப் பெண்மணிதான் காலமை எழும்பவில்லை என்று போன் வந்தது. அன்று பின்னேரம் நான் தேத்தண்ணியைக் கொண்டுபோனேன். புஷ்பம் கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டாள். "மேசையிலை வையுங்கோ," என்றாள். ஒரு வருத்தமும் இல்லாத நெஞ்சு நின்றுபோகும் என்றால், மெசின் வைத்த நெஞ்சுக்கு என்ன உத்தரவாதம்? அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. அடுத்தநாள் பார்க்கிறேன், றப்பர்ச் செருப்புகள் அலுமாரிக்கு வெளியே வந்து நின்றன. அது பிழையான வைத்தியம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எடுத்து வைத்திருந்தாள். எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று மண்டபம் நிறையச் சனம். வெளியில் பனி, உள்ளே ஹீற்றர், கால் புதையும் கார்ப்பெற். ரீச்சரைப் பட்டுச்சேலையில் படுக்க வைத்திருந்தார்கள். கோட் இல்லாமல் இன்னும் சிறியவராகத் தெரிந்தார். நான் கிட்டப் போய் நின்றேன். எல்லோரும் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். எனக்கு நகர மனம் வரவில்லை. "ரீச்சர்," என்று மெல்லச் சொன்னேன், "யமன்ரை கணக்கப்பிள்ளை சித்திரபுத்திரனார் உங்கட கணக்கை வாசிக்கேக்கை, 'செய்து பாத்தனீங்களோ?' எண்டு மனிசனைக் குழப்பாதேங்கோ. அவர் பாவம், இவ்வளவு காலமும் ஆரும் கேட்காமல் வாசிச்சவர். நல்லபடியாப் போட்டு வாங்கோ." பின்னால் நின்றவர் இருமினார். நகர்ந்தேன்.

தலைமாட்டில் மதுரா நின்றாள். கனடாவில் பிறந்த பிள்ளை, முகம் அப்படியே தாய். கறுப்பு நைலோன் உடுப்பு. வருகிறவர்கள் கையைப் பிடிக்க, ஒவ்வொருவருக்கும் 'டிக்', 'டிக்' என்று விழுந்துகொண்டிருந்தது. "ஸோரி, ஸோரி," என்று அழுகைக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓரிருவர் கையை நீட்டாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். பிள்ளையைச் சுற்றி ஒரு முழம் இடைவெளி விழுந்துவிட்டது.

அடுத்தது புஷ்பம். மதுரா கண்டதும் இரண்டு கையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அன்ரி, டோன்ற் ரச் மீ. எனக்கு எல்லாரிலையும் ஷொக் அடிக்குது. உங்கட பேஸ்மேக்கர்... அம்மா சொன்னவ, நீங்கள் பயப்பிடுவியள் எண்டு."

புஷ்பம் நின்றாள். நான் பின்னால் நின்றபடியால் முகம் தெரியவில்லை. அவளுடைய கை இடது தோள் பக்கம் எழும்பியது மட்டும் தெரிந்தது. நான் மூச்சுவிடவில்லை. பின்னால் வரிசையும் நின்றுவிட்டது.

அந்தக் கை தோளுக்குப் போகவில்லை. மதுராவின் இரண்டு கையையும் எட்டிப் பிடித்தது. 'டிக்' என்ற சத்தம் எனக்கே கேட்டது. பிள்ளைதான் திடுக்கிட்டது. புஷ்பம் அப்படியே அவளைக் கிட்ட இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள், மெசின் இருக்கிற அதே பக்கம்.

"காலமை ஏதும் வாயிலை வச்சனீயோ, பிள்ளை?"

"இல்லை அன்ரி."

"வா."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, மூச்சோடு கதையும் வந்தது. "மதுரா, நீ ஒண்டுக்கும் யோசியாதை. உது என்னெண்டால், இந்தக் கார்ப்பெற்றிலை நீ நிண்டு திரியேக்கை உன்ரை சப்பாத்து உரசி, இலத்திரன் எண்டு ஒரு சாமான், உன்ரை அம்மா சொன்னவ, அது..."

இருவரும் தேத்தண்ணி வைத்திருந்த அறைப் பக்கம் போய்விட்டார்கள். புஷ்பம் திரும்பிப் பார்க்கவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.